தலைக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களின் மூளையில் இரத்தக் குழாய்க் கட்டி: ‘திரும்ப வந்திட்டு’ என்று முடிவுகட்ட முன்

புற்றுநோயிலிருந்து குணமடைந்து பத்து, இருபது வருடங்களாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் இன்று எமது ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகரகமைக்குக் கொண்டு போகிறார்கள் என்றாலே ஜனாஸா வீட்டு முகத்துடன் வந்து நிற்கும் காலம் ஒன்று இருந்தது. சிறு வயதில் இரத்தப் புற்றுநோயோ மூளைக் கட்டியோ வந்த பிள்ளைகள் வளர்ந்து, படித்து, தொழில் செய்து, திருமணம் முடித்து வாழ்வதை இப்போது நான் பார்க்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். அபேக்ஷா வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக 2016இல் கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது எல்லாச் சமூகத்தவரும் அள்ளிக் கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிகிச்சைக்குக் கொடுப்பதில் எங்கள் சனத்துக்குக் குறைவில்லை. ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் அடுத்த முப்பது வருடங்களை எப்படிக் கழிக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘அந்தப் பேச்சை எடுக்காதீங்க’ என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலைப்பாடு.

மூளை, நரம்பு நோயாளர்களைப் பார்க்கும் பிரிவொன்றில் வேலை செய்யும் வைத்தியர் நான். அந்தப் பேச்சை எடுக்காததால் வருகின்ற ஒரு சிக்கலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். தலைக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு, வருடங்கள் பல கடந்த பின்னர், மூளையில் இரத்தக் குழாய்களால் ஆன கட்டிகள் தோன்றுகின்றன. இவை அரிதானவை. அரிதானவை என்பதால் நோயாளியின் குடும்பத்துக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்று சொன்னதும் பழைய புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

முதலில் கதிர்ச்சிகிச்சை என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சனம் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்வது இதைத்தான். இதில் மின்சாரம் உடலுக்குள் போவதில்லை. சக்தி மிக்க எக்ஸ் கதிர்களையோ, கோபால்ட் இயந்திரமென்றால் காமாக் கதிர்களையோ கட்டி இருக்கும் இடத்தை நோக்கிச் செலுத்துவார்கள். அதன் அளவைக் ‘கிரே’ என்ற அலகினால் சொல்வார்கள். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டி வந்த பிள்ளைக்கு மூளை முழுவதற்கும் முள்ளந்தண்டுக்கும் 23 அல்லது 36 கிரே வரையும், கட்டி இருந்த இடத்துக்கு மொத்தமாக 54 கிரே வரையும் கொடுப்பது வழமை. இரத்தப் புற்றுநோய் மூளைக்குள் ஒளிந்துகொள்ளாமல் இருப்பதற்காக, அந்நோய் வந்த பிள்ளைகளின் தலைக்கும் ஒரு காலத்தில் 24 கிரே, பின்னர் 18 கிரே என்று கொடுத்தார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள சென் ஜூட் சிறுவர் வைத்தியசாலை, தலைக்குக் கதிர் கொடுக்காமல் மருந்தை முள்ளந்தண்டு நீருக்குள் செலுத்தியே இந்தப் பிள்ளைகளைக் குணப்படுத்தலாம் என்று 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. இப்போது அந்நோய்க்குத் தலைக் கதிர் வெகுவாகக் குறைந்துவிட்டது. என்றாலும் அதற்கு முன்னர் அதைப் பெற்றவர்கள் இன்று முப்பது, நாற்பது வயதுக்காரர்களாக எங்களுக்கு மத்தியில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தாம் சிறு வயதில் என்ன சிகிச்சை பெற்றோம் என்பதே தெரியாது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். இருபதுகளில் உள்ள ஒரு யுவதி, வாழ்வில் முதல் தடவையாக வலிப்பு வந்து வார்டில் அனுமதிக்கப்பட்டார். சி.டி. ஸ்கேனில் மூளையின் ஒரு பக்கத்தில் சிறிய வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இரத்தக் கசிவு போன்ற தோற்றம். முன்பு ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டபோது உம்மாவும் இல்லை என்றார், வாப்பாவும் இல்லை என்றார். தலையின் பின்பக்கத்தில் முடிக்குள் மறைந்திருந்த பழைய சத்திரசிகிச்சைத் தழும்பை ஒரு தாதிதான் கண்டார். அதன் பிறகுதான் உம்மா என்னைத் தனியாக வெளியில் கூப்பிட்டு, “மகன், ஆறு வயசில புள்ளைக்குத் தலையில கட்டி வந்த. ஒப்பரேசன் செஞ்சி கரண்டும் பிடிச்ச. இப்ப ஒரு கலியாணம் பேசி வந்திருக்கி, அதான் சொல்லல்ல” என்றார். நான் உள்ளே வர முன்னரே வாப்பா முடிவெடுத்துவிட்டிருந்தார். “டொக்டர், எங்களுக்கு விளங்குது. பழைய வருத்தம் திரும்ப வந்திட்டு. இனிப் புள்ளைய வருத்தாம ஊட்ட கொண்டு போறம்.”

அந்தத் தகப்பனின் மனநிலையை நான் குறை சொல்ல மாட்டேன். மகளை ஒரு தடவை அந்தப் பாதையில் அழைத்துச் சென்று திரும்பி வந்தவர் அவர். ஆனால் அவருடைய கணக்கு பிழையாக இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் அது பழைய கட்டியும் அல்ல, வேறு புற்றுநோயும் அல்ல. அது ஒரு கெவர்னோமா.

கெவர்னோமா என்பது மெல்லிய சுவர் கொண்ட நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முசுக்கொட்டைப் பழம் போன்ற ஒரு திரளாக மாறிய நிலை. சரியாகச் சொன்னால் இது புற்றுநோய்க் கட்டி என்ற வகைக்குள் வராது. குழாய்களின் அமைப்பில் ஏற்படும் கோளாறு. இது வேறு உறுப்புகளுக்குப் பரவாது. கதிர்ச்சிகிச்சையே பெறாதவர்களிலும் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, அவர்களில் அநேகருக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்நாள் முடிந்துவிடுகிறது. தலைக்குக் கதிர் பெற்றவர்களில், அதிலும் சிறு வயதில் பெற்றவர்களில், இது புதிதாக உருவாகக்கூடும். சராசரியாகப் பத்து வருடங்களளவில் தோன்றுகிறது. ஒன்றிரண்டு வருடத்தில் தோன்றியதும் உண்டு, இருபது வருடம் கடந்து தோன்றியதும் உண்டு. எத்தனை பேரில் உருவாகிறது என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் மாறுகிறது. நுட்பமான எம்.ஆர்.ஐ. முறையைப் பயன்படுத்தித் தேடியவர்கள் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள் என்பதே அதற்குப் பெரிய காரணம்.

இதனுள் இரத்தம் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் ஓடுகிறது. ஆகவே இது கசிந்தாலும், நாடிக் குழாய் வீக்கம் வெடித்துத் திடீரென்று ஆளை வீழ்த்துவது போன்ற இரத்தப்போக்கு பெரும்பாலும் ஏற்படாது. கொஞ்சம் கசியும், நின்றுவிடும், பிறகு கசியும். கசிந்த இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து சுற்றிவர மூளையில் படிந்துவிடும். அந்த இரும்புப் படிவுதான் மூளையைச் சீண்டி வலிப்பை உண்டாக்குகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பு வளையமாகத் தெரிவதும் அதுவே. உள்ளே வெள்ளையும் சாம்பலுமாகச் சோளப்பொரி போன்ற தோற்றம், சுற்றிவரக் கறுப்பு விளிம்பு. இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தவறாது. ஆனால் இரும்புப் படிவைக் காட்டும் விசேட முறை ஒன்றை எம்.ஆர்.ஐ.யில் சேர்த்து எடுத்தால்தான் சிறியவை தெரியும். ‘இவருக்குத் தலையில் கதிர் கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்ற ஒரு வரி ஸ்கேன் கோரிக்கைத் தாளில் இருந்தால் அந்த முறையைச் சேர்த்தெடுப்பார்கள். இல்லாவிட்டால் தவறவிடப்படலாம். சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தால் இன்னும் மோசம், சிறியவற்றை அது காட்டவே காட்டாது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட, தொந்தரவு தராத கெவர்னோமாவை எடுக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து வந்தால் போதும். வலிப்பு இருந்தால் மாத்திரை. மீண்டும் மீண்டும் கசிந்தாலோ, மாத்திரைக்கு அடங்காத வலிப்பாக இருந்தாலோ, கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் சத்திரசிகிச்சை. மூளைத் தண்டுக்குள் இருப்பதுதான் சிக்கலானது, சிறிய கசிவுகூட அங்கே பெரிய பாதிப்பைத் தரும். அந்த யுவதிக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. மாத்திரையோடு இருக்கிறார்.

எல்லாக் கதையும் இவ்வளவு இலேசாக முடிவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதிர் பட்ட மூளையில் தோன்றும் இரத்தக் குழாய் சார்ந்த கட்டிகளில் கெவர்னோமா சாதுவானது. அன்ஜியோசார்க்கோமா அதற்கு நேர் எதிரானது. இரத்தக் குழாயின் உட்படலத்திலிருந்தே பிறக்கும் கொடிய புற்றுநோய் அது. மூளையில் மிக மிக அரிது. கதிர்ச்சிகிச்சையோடு அது அதிகம் தொடர்புபடுவது மார்பகப் புற்றுநோயில்தான், கதிர் பெற்ற மார்பின் தோலில் சில வருடங்கள் கழித்து ஊதா நிறத் தழும்புகளாகத் தோன்றும். (மார்புக்குக் கதிர் பெற்ற தாய்மார், சகோதரிகள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். அதுவும் அரிதானதே. அடிபடாமல் கண்டிப்போன நிறத்தில் தோல் மாறி, அது மாறாமல் நின்றால் காட்டுங்கள், அவ்வளவுதான். மார்புக்குக் கொடுத்த கதிர் மூளைக்குப் போவதில்லை, எனவே இக்கட்டுரையின் பிரதான விடயம் உங்களைச் சார்ந்ததல்ல.)

இடையில் இரண்டு இருக்கின்றன. ஹீமான்ஜியோபிளாஸ்டோமா பெரும்பாலும் சிறுமூளையில் வரும் சாதுவான கட்டி, முழுதாக எடுத்துவிட்டால் அநேகமாகக் குணம். மற்றையது முன்னர் ஹீமான்ஜியோபெரிசைட்டோமா என்றும் இப்போது சொலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்றும் அழைக்கப்படுவது. மூளை உறையிலிருந்து வளரும் இது, எடுத்துப் பல வருடங்கள் கடந்த பின்னரும் எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ தலைகாட்டக்கூடியது. இவை இரண்டும் சாதாரணமாகக் கதிருக்கும் தமக்கும் சம்பந்தமில்லாமல் வருபவை. கதிர் பெற்றவர்களில் வந்ததாக மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளர் அறிக்கைகளாகவே இவை பதிவாகியிருக்கின்றன.

இந்தப் பெயர்களையெல்லாம் நீங்கள் மனப்பாடமாக்க வேண்டியதில்லை. நான் இவற்றை இங்கு வரிசைப்படுத்துவது, முன்பு புற்றுநோய் வந்தவரின் மூளையில் இரத்தம் நிறைந்த ஒரு கட்டி தெரிந்தால் வைத்தியரின் மனதில் எத்தனை கேள்விகள் எழுகின்றன என்பதைக் காட்டத்தான். பழைய கட்டிதான் மீண்டும் வளர்ந்துவிட்டதா? வேறு உறுப்பிலிருந்த புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கிறதா? சிறுநீரகப் புற்றுநோயும் மெலனோமாவும் மூளைக்குப் பரவினால் இரத்தம் கசிபவை. சிறுநீரகப் புற்றுநோய், சிறுநீரகத்தை அகற்றிப் பத்து வருடங்கள் கழிந்தும் மூளையில் தோன்றக்கூடும். நுணுக்குக்காட்டியில் அது ஹீமான்ஜியோபிளாஸ்டோமாவைப் போலவே தோற்றமளித்து நோயியல் நிபுணர்களையே குழப்பும், விசேட சாயப் பரிசோதனை செய்துதான் பிரித்தறிய வேண்டும். அல்லது கதிரினால் மூளைத் திசு இறந்துபோன புண்ணா? அது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வருவது. அல்லது கதிரினால் பின்னாளில் உருவான மெனிஞ்சியோமாவா? இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு, எதிர்காலம் வேறு. ஒன்றுக்கு வெறுமனே கவனித்திருந்தால் போதும், இன்னொன்றுக்கு உடனே சத்திரசிகிச்சை வேண்டும். ‘திரும்ப வந்திட்டு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவையும் போட்டு மூடிவிடுகிறோம்.

கதிர் ஏன் இதைச் செய்கிறது என்று கேட்பீர்கள். கதிர் புற்றுநோய்க் கலத்தின் டி.என்.ஏ.யை உடைத்தே அதைக் கொல்கிறது. பக்கத்திலுள்ள நல்ல கலங்களும் அந்தக் கதிரில் நனையத்தான் செய்கின்றன. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்படலம் இதில் அதிகம் அடிபடுகிறது. சுவர் தடித்து, குழாய் ஒடுங்கி, சில இடங்களில் அடைபட்டும்விடுகிறது. ஒட்சிசன் குறைந்த மூளைப் பகுதி, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லி இரசாயனச் சமிக்ஞைகளை அனுப்புகிறது. அவசரத்தில் கட்டிய மதில் போலப் பலவீனமான சுவர்களோடு புதிய குழாய்கள் முளைக்கின்றன. கெவர்னோமா உருவாவதற்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் இதுதான். உண்மையான கட்டிகள் உருவாவது வேறு வழியில். உடைந்த டி.என்.ஏ.யைச் சில கலங்கள் பிழையாக ஒட்டிக்கொண்டு உயிர்தப்பிவிடுகின்றன, வருடங்கள் போக அவற்றில் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகுகிறது. வளரும் வயதிலுள்ள பிள்ளையின் மூளை இரண்டு விதத்திலும் அதிகம் பாதிக்கப்படக்கூடியது.

ஒரு கட்டி கதிரினால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? நியூயோர்க்கைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் கஹனும் அவரது சகாக்களும் 1948இல் வகுத்த அளவுகோல்களையே இன்றும் பயன்படுத்துகிறோம். புதிய கட்டி கதிர் பட்ட இடத்துக்குள் இருக்க வேண்டும், கதிருக்கும் கட்டிக்கும் இடையில் கணிசமான காலம் கடந்திருக்க வேண்டும், பழைய கட்டியின் வகையும் இதுவும் வேறாக இருக்க வேண்டும், கதிர் கொடுக்க முன்னர் இது அங்கே இருந்திருக்கக் கூடாது. பாருங்கள், இந்த நான்கில் ஒன்றையேனும் பழைய ஆவணங்கள் இல்லாமல் சரிபார்க்க முடியாது.

கதிரின் நீண்டகால விளைவைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட பெரும் பாடங்களில் ஒன்று புற்றுநோயாளிகளிடமிருந்து வந்ததல்ல. தலையில் வரும் படர்தாமரைக்கு மாத்திரை கண்டுபிடிக்கப்படாத காலத்தில், முடியை உதிரச் செய்வதற்காகப் பிள்ளைகளின் தலைக்கு எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில் இப்படிக் கதிர் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் வட ஆபிரிக்க, மத்திய கிழக்கு நாடுகளிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சுமார் 10,800 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1988இல் வெளியானது. மூளைக்குக் கிடைத்தது சராசரியாக ஒன்றரைக் கிரே மட்டுமே. இருந்தும் மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமாக இருந்தது. யாருடைய பிள்ளைகள் என்பதைத் தாண்டி, தலைத் தோல் நோய் ஒன்றுக்காக நடந்த இந்த அநியாயத்தை நினைத்தால் மனம் கனக்கிறது.

இதைப் படித்துவிட்டு, “அப்போ எங்கட புள்ளைக்கு கரண்ட் வேணாம்” என்று யாராவது முடிவெடுத்தால் அது நான் எழுதியதற்கு நேர் எதிரான விளைவாகிவிடும். படர்தாமரைக்குக் கதிர் கொடுத்தது தேவையற்ற ஆபத்து. புற்றுநோய்க்குக் கொடுப்பது உயிர் காக்கும் சிகிச்சை. மெடுல்லோபிளாஸ்டோமா வந்த பிள்ளைகள் கதிர்ச்சிகிச்சைக்கு முந்திய காலத்தில் ஏறத்தாழ எல்லோருமே இறந்துபோனார்கள். இருபது வருடத்தின் பின்னர் ஒரு சிலருக்கு வரக்கூடிய கட்டியைப் பற்றி நாங்கள் பேச முடிவதே, அந்தப் பிள்ளைகள் இருபது வருடம் வாழ்ந்திருப்பதால்தான். வட அமெரிக்காவில் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்ட 14,361 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், 2006இல் வெளியான அறிக்கையின்படி 116 பேருக்கே மூளை, முள்ளந்தண்டுப் பகுதியில் புதிய கட்டி வந்திருந்தது. அவற்றில் அதிகமானவை, 66, மெனிஞ்சியோமாக்கள். அந்த 14,361 பேரில் தலைக்குக் கதிர் பெறாதவர்களும் அடக்கம் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதேபோல ஸ்கேன் எடுக்கவும் பயப்பட வேண்டாம். தலைக்கான ஒரு சி.டி. ஸ்கேனில் மூளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிரேயின் இருபதில் ஒரு பங்கு, சிகிச்சையில் கிடைப்பதோ ஐம்பதுக்கும் மேற்பட்ட கிரே. எம்.ஆர்.ஐ.யில் இவ்வகைக் கதிரே கிடையாது, அது காந்தம்.

இனி, என்னைக் கவலைப்படுத்தும் விடயத்துக்கு வருகிறேன். எமது வீடுகளில் புற்றுநோயின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுவதில்லை, மறைக்கப்படுகின்றன. பிள்ளை குணமானதும் கிளினிக் கொப்பியை எரித்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தக் கெட்ட காலத்தின் ஞாபகம் வீட்டில் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம், கலியாணச் சந்தை மற்றக் காரணம். வைத்தியசாலையில் பழைய கோவை இருக்கும்தானே என்பார்கள். பதினைந்து, இருபது வருடத்துக்கு முந்திய கோவையைத் தேடி எடுப்பது அவ்வளவு இலேசான காரியமல்ல.

ஏன் அது தேவைப்படுகிறது? மூளை தாங்கக்கூடிய கதிரின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு, முன்பு வாங்கியதையும் அதோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். மீண்டும் கதிர் கொடுக்கும் தேவை வந்தால், பழைய கணக்குத் தெரியாத வைத்தியர் இருட்டில் நடக்கிறார். பயொப்ஸி எடுப்பதற்கும் அப்படித்தான். இரத்தக் குழாய் நிறைந்த கட்டியில் ஊசியை விட்டால் இரத்தம் பெருகும். அப்படியொன்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் முன்கூட்டியே இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு விதமாகத் திட்டமிடுவார், சிலவேளை முதலில் கட்டிக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டே உள்ளே போவார். ஆகவே மகரகமையோ கண்டியோ கராப்பிட்டியவோ தெல்லிப்பழையோ, எங்கே கதிர் பெற்றிருந்தாலும் சிகிச்சை முடிவில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நோயின் சரியான பெயர், பயொப்ஸி அறிக்கை, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாட்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள், தலையின் எந்தப் பகுதிக்கு, எந்த வருடம், என்னென்ன மருந்து ஏற்றினார்கள் என்பவை அதில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்து வீட்டில் இருவரிடமாவது வைத்திருங்கள். பிள்ளைக்கு விளங்கும் வயது வந்ததும் பிள்ளையிடமும் சொல்லுங்கள். தன் உடம்பில் என்ன நடந்தது என்பதை அறியும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது.

தலைக்குக் கதிர் பெற்ற ஒருவருக்குப் புதிதாக வலிப்பு வந்தால், புதிய வகையில் தலையிடி தொடங்கிக் கூடிக்கொண்டே போனால், கை கால் ஒரு பக்கம் பலவீனமானால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போனவுடன் சொல்ல வேண்டிய முதல் வசனம், “இவருக்கு இன்ன வருடம் தலைக்குக் கதிர் கொடுத்திருக்கிறது” என்பதே. வலிப்பு வந்தால் எங்கள் ஊர்களில் இன்னும் முதலில் தேடப்படுவது ஓதிப் பார்ப்பவரைத்தான். ஓதுவதை நான் தடுக்கவில்லை, நானும் என் நோயாளர்களுக்காகத் துஆச் செய்பவன்தான். ஆனால் ஜின் கோளாறு என்று சொல்லி மூன்று வாரம் தண்ணீர் ஓதிக் குடித்துவிட்டு நான்காவது வாரம் ஸ்கேனுக்கு வருவது நபிவழி காட்டிய வைத்தியம் அல்ல. இப்போது பல மௌலவிமார் இப்படியான நோயாளரைக் கண்டதும் ‘முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்று அனுப்பி வைக்கிறார்கள். அவர்களுக்கு அல்லாஹ் அருள்புரியட்டும்.

ரமழானிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வலிப்பு மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை குடிப்பவர்கள் நோன்புக்காகத் தாங்களாகவே பகல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அதோடு தராவீஹ், ஸஹர் என்று தூக்கமும் குறைகிறது. மாத்திரை தவறுவதும் தூக்கம் குறைவதும் வலிப்பைக் கூப்பிட்டுக் கொண்டுவரும் இரண்டு பெரிய காரணங்கள். ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே வைத்தியரிடம் சொன்னால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாத்திரையை மாற்ற முடியுமா என்று பார்ப்பார், நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளும் இருக்கின்றன. முடியாது என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் மாத்திரை, அஸ்பிரின் போன்றவை குடிப்பவருக்குக் கெவர்னோமா இருப்பது தெரியவந்தால், அதையும் தாங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் மாரடைப்போ பாரிசவாதமோ வந்துவிடலாம்.

கலியாணப் பேச்சைப் பற்றி உம்மாமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இத வச்சிக்கிட்டுப் புள்ளை பெறலாமா?” கெவர்னோமா இருப்பது பொதுவாகக் கர்ப்பம் தரிப்பதற்குத் தடையல்ல. கதிரினால் வந்தது என்றால் அது பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கடத்தப்படுவதும் இல்லை. மூளை முழுவதற்கும் கதிர் பெற்றவர்களுக்குக் கபச் சுரப்பி பாதிக்கப்பட்டு மாதவிடாய், தைரொயிட் போன்றவற்றில் பிரச்சினை இருக்கலாம் என்பதால் அதை ஓமோன் பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம்விட அவசரமானது வலிப்பு மாத்திரை. வல்ப்ரொயேட் என்ற மாத்திரை கருவிலிருக்கும் பிள்ளைக்குக் குறைபாடுகளை ஏற்படுத்தக்கூடியது. கர்ப்பம் தரித்த பின்னர் மாற்றுவது பிந்திய வேலை, திருமணத்துக்கு முன்னரே வேறு மாத்திரைக்கு மாற்றி, போலிக் அசிட்டும் தொடங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்துக் குடிக்கும் பெண்ணுக்கு இதைச் செய்துகொடுக்க எந்த வைத்தியராலும் முடியாது.